பொட்டுமீனுக்குப் போட்ட உப்பு

உள்ளே வாருங்கள் மேடம். செருப்பைக் கழற்ற வேண்டாம், தரையெல்லாம் மீன் தண்ணீர். இஞ்ஞாசியைத்தானே பார்க்க வந்தீர்கள்? என் மகன்தான். போன மாதம் நீங்கள் வந்தபோது நான் நவநாள் செபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன், அதனால் என்னைத் தெரியாது. என் பெயர் எஸ்கலின். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். வருவான். வராமல் எங்கே போவான்?

மதியத்துக்குள் கிளம்ப வேண்டுமா? சாயங்காலம் விமானமா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. இன்றைக்கே அவன் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வீர்கள் என்று போனில் சொன்னீர்களாமே. நேற்று முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தான். “எம்மா, அவங்களே நேர்ல வாராங்கம்மா. சென்னைக்கு அந்தப் பக்கம் பெரிய பண்ணையாம். பொட்டுமீன பாத்துக்கிடதுக்குன்னே ஒரு ஆளு வேணுமாம்.” நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். “நல்லது எய்யா” என்றேன். வேறென்ன சொல்ல? பிள்ளைகள் ஆசைக்கு நான் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை.

முதலில் டீ குடியுங்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் வாயோடு போனால் ராத்திரி எனக்குச் செபமாலையில் மனம் ஒட்டாது. மேடம் மேடம் என்று கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை. என் மூத்தவள் பிலோமின் வயதுதான் உங்களுக்கும் இருக்கும். மகளே என்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு மூன்று பேர். பிலோமினைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அடுத்தவன் கஸ்பார் மஸ்கட்டில். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணுவார்கள். சாப்பிட்டியா என்பார்கள், சாப்பிட்டேன் என்பேன், அவ்வளவுதான் பேச்சு. கடைசிதான் இஞ்ஞாசி. அவங்க அப்பா உப்பளத்தில் கங்காணியாக இருந்தார். அவர் போன பிறகு இந்த வீட்டில் நானும் அவனும்தான். இப்போது இந்த மீன்களும்.

நீங்கள் படித்தவர்கள், இதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருப்பீர்கள். எங்களுக்குப் பொட்டுமீன். விரல் நீளம்கூட இருக்காது. உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு, வெயிலில் அது மட்டும் மின்னும். எந்நேரமும் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நிற்கும், வானத்தைப் பார்த்துக்கொண்டு. உப்பளத்துக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது, கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து நிற்கிற இடம். அங்கே அலையாத்திச் செடியின் வேருக்கடியில் கூட்டமாகக் கிடக்கும். சின்ன வயதில் நாங்கள் தாவணியைப் போட்டுப் பிடித்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம். குழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. இதை வாங்க ஆள் இருக்கிறது, தூத்துக்குடியில் மீன்தொட்டிக் கடைக்காரர் கேட்கிறார் என்று இவன் வந்து சொன்னபோது, “ஏல, உன்ன எவனோ நல்லா ஏமாத்துதான்” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே தொட்டி கட்டினான்.

பின்பக்கத்தைப் போன தடவையே பார்த்திருப்பீர்கள். துணி துவைக்கிற கல்லைச் சுற்றிச் சிமென்ட் தொட்டி, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பேரல், உடைந்த ஐஸ் பெட்டி. ஒரு சேலை காயப்போட எனக்கு இடமில்லை. அதில் கொசுப்புழு வேறு வளர்க்கிறான், மீனுக்குத் தீனியாம். சுகாதார ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, “என்ன ஆச்சி, ஊருக்கெல்லாம் நீங்கதான் கொசு சப்ளையா? அபராதம் போட்டுருவோம்” என்று நின்றார்கள். இவன் ஓடி வந்து, “அக்கா, ஒரு நிமிஷம் இங்க பாருங்க” என்று புழுவை அள்ளித் தொட்டிக்குள் போட்டான். அவர்கள் பேனாவைத் திறப்பதற்குள் ஒரு புழு மிச்சமில்லை. “எங்க ஆபீஸ் தொட்டிக்கும் நாலு குடு தம்பி” என்று பாட்டிலில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த மீனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூடி போடாவிட்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும். காலையில் பூசைக்குப் போகும் முன்னால் நான்தான் ஒரு சுற்றுப் பார்ப்பேன். ஈரத்தில் விழுந்து கிடந்தால் உயிர் இருக்கும். எடுத்துத் தண்ணீரில் விட்டு, என் பழைய சேலையை மேலே இழுத்துப் போட்டு, நாலு பக்கமும் கல் வைத்துவிடுவேன். “எம்மா, இப்படிப் பொத்தி வைக்காதம்மா, அதுக்குக் காத்து வேணும்” என்று சத்தம் போடுவான். எனக்கு மனசு கேட்காது மகளே. எங்கே போவதற்காக இது இப்படித் துள்ளுகிறது? வெளியே என்ன இருக்கிறது? சிமென்ட் தரை, காக்கா, பூனை. உள்ளே இருந்தால் வேளாவேளைக்குத் தீனி.

முட்டை எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓ, உங்களுக்கு அதுதானே வேலை. பிலோமின் பிள்ளைக்குக் குல்லா பின்னலாம் என்று நான் வாங்கி வைத்திருந்த பச்சைக் கம்பளி நூலை இவன் எடுத்துக் குஞ்சம் குஞ்சமாகக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டான். மீன் வந்து அதில் ஒவ்வொன்றாக முட்டையை ஒட்ட வைக்கும். இவன் விரலாலேயே பிடுங்கி எடுப்பான், உடையாது. அவன் அப்படிக் குனிந்து நிற்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றால்கூடத் தெரியாது. கூப்பிட்டாலும் காதில் விழாது. முட்டையைப் பிரித்து வைக்காவிட்டால் தாய்மீனே தின்றுவிடுமாம். குஞ்சு பொரித்து வந்தாலும் விடாதாம். வேறு தண்ணீரில் வளர்ந்தால்தான் பிழைக்குமாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. “சீ, இதெல்லாம் ஒரு தாயா?” என்றேன். அவன் நூலிலிருந்து கையை எடுக்காமல், “அது வேணும்னா செய்யுது? பக்கத்துலயே இருந்தா அதுக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா” என்றான். என்னமோ, ஆண்டவர் படைப்பு.

நேரமாகிறதா? இதோ, அதிரசம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நானே சுட்டது.

அவனுக்கு வாய்ப்பு வராமல் இல்லை. உங்களுக்கு முன்னாலேயே வந்தது. கஸ்பார் மஸ்கட்டுக்கு விசா எடுத்து அனுப்பினான். பெட்டி கட்டியாயிற்று. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயிலில் போய் மாதா முன்னால் முழங்காலில் நின்றேன், அவ்வளவுதான். புறப்படுகிற அன்று காலையில் எனக்குத் தலை சுற்றி, கைகால் வெலவெலத்து, பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். விமானம் போய்விட்டது. மறுநாளே நான் எழுந்து உட்கார்ந்து சாளை மீன் கழுவினேன். மாதா செய்த புதுமை, பெரிய அற்புதம் என்று தெருவே பேசியது. அவன் பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரியில் அடுக்கினான். முகம் சுளிக்கவில்லை. அப்படி ஒரு பிள்ளை.

கல்யாணமா? பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வந்த பெண்களில் ஒருத்திக்கு மதுரையில் வேலை, ஒருத்திக்குத் திருச்சியில். ஒரு நல்ல குடும்பத்துப் பெண், உள்ளூர்தான், அவள் வந்த அன்றைக்கே “அத்தை, நாங்க தனியா சமைச்சுக்கிடலாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நான் அவளுக்காகவும் செபித்தேன். இப்போது அவளுக்கு இரண்டு குழந்தைகள்.

அப்புறம் எங்கள் கோயில் புனிதர் சந்தியாகப்பருக்கு நேர்ச்சை ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இவன் ஏழு வயதில் காய்ச்சலில் கிடந்தான். கண் மேலே செருகிவிட்டது. சந்தியாகப்பரே, இவனை எனக்குத் திருப்பிக் கொடும், நான் உயிரோடு இருக்கிறவரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் உம் தேருக்குப் பின்னால் இவன் ஈரத்துணியோடு தரையில் உருண்டு வருவான் என்று வேண்டிக்கொண்டேன். விடிவதற்குள் வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறவில்லை. இப்போது முதுகெல்லாம் சிராய்த்துவிடுகிறது, பெரிய உடம்பாயிற்றே. இப்போதைய பங்குச் சாமியார் சின்னப் பையன். “அவரைக் கேக்காம நீங்க வேண்டின நேர்ச்சைதானே பாட்டி, நான் அதை மாத்தித் தாரேன், மெழுகுவர்த்தி ஏத்துங்க போதும்” என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? சந்தியாகப்பருக்கு வாக்குக் கொடுத்தது நான்.

என்ன சொன்னீர்கள்? திருவிழாவுக்கு லீவு தருவீர்களா? பத்து நாளுமா?

ஓ. நல்ல மனசு உங்களுக்கு.

சரி, அது கிடக்கட்டும். நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் மறைக்கக்கூடாது. போன தடவை அவனிடம் ஒன்று கேட்டீர்களாம். எங்கள் பண்ணையில் முட்டையெல்லாம் பூஞ்சை பிடித்து வீணாகிறது, மீன் உடம்பில் பொடி தூவின மாதிரி வந்து செத்துப்போகிறது, உன் தொட்டியில் மட்டும் எப்படி எல்லாம் பொரிக்கிறது என்று. அவன் முழித்தானாம். “தெரியல மேடம், எங்க ஊர் தண்ணி வாகா இருக்கும்” என்று சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வாகுமில்லை ஒன்றுமில்லை. நான் சொல்லுகிறேன்.

ஆரம்பத்தில் இவன் தொட்டியிலும் செத்துக்கொண்டுதான் இருந்தது. ஓடையிலிருந்து கொண்டுவந்து பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் விட்டான். நாள்தோறும் மிதக்கும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்கும், மறுநாள் மிதக்கும். தண்ணீர் மாற்றினான், தொட்டியைத் தேய்த்துக் கழுவினான். “எம்மா, தொட்டில எதையும் போட்டுராத, சோத்துப் பருக்க கூடப் படக்கூடாது, செத்துரும்” என்று எனக்குக் கட்டளை. ஒருநாள் செத்த மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதான் மகளே. மீசை வைத்த ஆம்பளை. எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பைத்தியம் இவனை விட்டால் போதும் என்று இருந்தது.

கோயிலில் திருவிழாவுக்கு உப்பும் மிளகும் காணிக்கை போடுவோம். சாமியார் மந்திரித்துக் கொடுத்த கல்லுப்பு எப்போதும் என்னிடம் ஒரு டப்பாவில் இருக்கும். நான் விடியற்காலையில் எழுந்து, தொட்டிக்குத் தொட்டி ஒரு கைப்பிடி போட்டேன். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லி ஒரு கைப்பிடி. ஆண்டவரே, இது உமக்கு விருப்பமில்லாத காரியம் என்றால் நோகாமல் சீக்கிரம் முடித்து வையும் என்று செபித்தேன். எதையும் போடாதே என்றுதான் சொல்லியிருந்தான். மந்திரித்த உப்பு எப்படி ‘எதையும்’ ஆகும்? உம் சித்தம் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மீன் கதை முடியவில்லை மகளே. மூன்றாம் நாள் பார்க்கிறேன், ஒடுங்கிக் கிடந்த மீனெல்லாம் துடுப்பை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று துரத்துகிறது. பொட்டு பளபளவென்று இருக்கிறது. நான் இன்னும் ஒரு கைப்பிடி போட்டேன். முட்டை போட்டது. தண்ணீர் மாற்றுகிற போதெல்லாம் போட்டேன். பொரித்தது! அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். “எம்மா, பொழச்சிருச்சும்மா!” சந்தியாகப்பர் யார் பக்கம் நிற்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பாதியில் நிறுத்தவும் பயம். மந்திரித்ததை நிறுத்தினால் சாபமாகிவிடுமோ என்று. இன்றைக்கு வரைக்கும் போடுகிறேன். அவனுக்குத் தெரியாது.

அதனால் சொல்லுகிறேன். இதில் அவன் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. உப்புதான். அவன் இல்லாமலேயே உங்கள் காரியம் நடக்கும். டப்பாவோடு தருகிறேன், கொண்டுபோங்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? போனில் என்ன எழுதுகிறீர்கள்? கல்லுப்புதான், தூளுப்பு இல்லை. ஒரு கைப்பிடி என்றால் என் கைப்பிடி. இந்தப் பேரலுக்கு ஒன்று, அந்தத் தொட்டிக்கு மூன்று... ஓடைத் தண்ணீரில் பிறந்த மீனுக்குக் கொஞ்சம் உப்பு இருந்தால்தான் உடம்பு தாங்குமா? அப்படியா? செபம் இல்லாமலுமா?

உப்பு விஷயம் தெரிந்தாலும் அவன்தான் வேண்டும் என்கிறீர்கள். எந்த மீனை எதோடு சேர்க்க வேண்டும் என்று பார்க்கிற கண் உங்கள் ஆட்களுக்கு இல்லை என்கிறீர்கள். நீங்கள் சொல்லுகிறீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

யாருக்குப் போன் போடுகிறீர்கள்?

அது... ஆமாம். அவன் போன்தான் அடிக்கிறது. சமையலறையில். அரிசிப் பானைக்குள் இருக்கிறது. விடியற்காலையில் வீட்டுக்குத் தீர்த்தம் தெளித்தேன், அதில் கொஞ்சம் பட்டுவிட்டது. ஈரம் பட்டால் அரிசிக்குள் போட்டு வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். “காயட்டும்யா, வச்சுட்டுப் போ” என்றேன். வைத்துவிட்டுப் போனான். நான் பிள்ளைகளுடைய போனைத் தொடுவதில்லை. அடித்து ஓயட்டும்.

நீங்கள் உட்காருங்கள். எழுந்து நின்றால் எனக்குப் பேச வரவில்லை.

நானுமா?

என்ன மகளே, விளையாடுகிறீர்களா? பண்ணையிலேயே வீடு தருவீர்களா? நானும் அவனும் இருக்கலாமா? பக்கத்தில் மாதா கோயில்கூட இருக்கிறதா?

இல்லை மகளே. நான் எப்படி வர முடியும்? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவங்க அப்பா கல்லறைக்கு விளக்கு யார் வைப்பார்கள்? இந்த வீட்டை யார் பூட்டித் திறப்பார்கள்? பிலோமின் வந்தால், கஸ்பார் வந்தால் எங்கே வருவார்கள்? வருவதில்லைதான். வந்தால்? அங்கே அவனுக்கு ஆள் இருக்கும், வேலை இருக்கும். நீங்கள் ஒரு பக்கம் கூப்பிடுவீர்கள், மீன் ஒரு பக்கம் கூப்பிடும். நான் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து என்ன செய்வேன்? இங்கே இருந்தால் சாயங்காலம் அவன் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, “எம்மா, என்ன கொழம்பு?” என்று கேட்பான். அந்த ஒரு சத்தத்துக்குத்தான் நான் நாள் முழுக்க இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். கதவு திறந்துதான் கிடக்கிறது. கோயிலையும் கல்லறையையும் விட்டால் என்னால் தெருமுனை தாண்ட முடியவில்லை. நான் போய்த் திரும்புவதற்குள் அவன் வந்து பார்த்து, அம்மா இல்லை என்று எங்காவது போய்விட்டால்?

இது எப்படியோ வாயில் வந்துவிட்டது. டீ ஆறிவிட்டதே, சூடு பண்ணட்டுமா?

சரி. நேராகவே கேட்டுவிட்டீர்கள், அவன் எங்கே என்று. இதுவரை நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. எப்போது வருவான் என்றுதான் கேட்டீர்கள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாரம் தவறாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற நாக்கு இது.

மடையில் இருக்கிறான். உப்பளம் தாண்டி, ஓடையில் தண்ணீர் திறந்துவிடுகிற மடை. அங்கே உங்களுக்காகத்தான் நிற்கிறான். நான்தான் அனுப்பினேன். “அந்த மேடம் மீன் கிடக்க இடத்தையும் பாக்கணும்பாங்க எய்யா, நேரா மடைக்கே வந்தாலும் வருவாங்க” என்றேன். வந்தாலும் வருவாங்க என்றுதான் சொன்னேன். வருவாங்க என்று சொல்லவில்லை. விடிந்ததும் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். ஒரு வாய் சாப்பிடக்கூட இல்லை. “இந்தத் தடவ என்ன அனுப்பிருவல்லாம்மா?” என்று வாசலில் நின்று கேட்டான். “நான் எங்கய்யா உன்னப் பிடிச்சேன்” என்றேன். அது உண்மைதானே?

கார் அங்கே போகாது மகளே. வரப்புதான். இப்படியே தனியாக ஓடாதீர்கள். எது பாத்தி, எது கெட்டித் தரை என்று உங்களுக்குத் தெரியாது. மேலே வெள்ளையாகத்தான் இருக்கும், கால் வைத்தால் முட்டளவு சேறு. இருங்கள், நானும் வருகிறேன். கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன். நீங்கள் கேளுங்கள், அவன் பதில் சொல்லட்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லட்டும். போறேன் என்று சொன்னால் போகட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சும்மா பக்கத்தில் நிற்பேன்.

கொஞ்சம் மெதுவாக நடங்கள் மகளே. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு என்னால் அவ்வளவு வேகமாக வர முடியாது.